"இதுல எங்கப்பா நின்னு குளிக்கணும்?"

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தை ஒட்டி 2019-இல் திறந்த ஜுவல் கட்டடத்தின் நடுவே, கண்ணாடிக் கூரையிலிருந்து 40 மீட்டர் கீழே தண்ணீர் விழுகிறது. கட்டடத்துக்குள் இருக்கிற அருவிகளில் உலகத்திலேயே உயரமானது. சுற்றிலும் தளம் தளமாக மரஞ்செடி, பக்கவாட்டில் சத்தமில்லாமல் போய்வரும் ரயில். பார்க்க வந்த அத்தனை பேரும் கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஏழு வயது மகள் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுல எங்கப்பா நின்னு குளிக்கணும்?"

குளிக்க விடமாட்டார்கள் என்றதும் அவளுக்கு அருவி முடிந்துபோயிற்று. பாபநாசத்து அகஸ்தியர் அருவியிலும் மணிமுத்தாறிலும் தலையைக் கொடுத்துப் பழகிய பிள்ளை. விழுகிற தண்ணீரைத் தள்ளி நின்று பார்ப்பதற்கா ஒரு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்தோம் என்று அவள் முகம் கேட்டது. ஊருக்குத் திரும்பியபின், பிள்ளைகளோடு வெளிநாட்டு நகரத்துக்குப் போக நினைக்கிற நாலைந்து குடும்பங்கள் என்னிடம் யோசனை கேட்டன. ஒவ்வொரு தடவையும் இந்தக் கேள்விதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. பயணத் திட்டம் போடும்போது நாம் ஊரைப் பார்க்கிறோம், அந்த ஊருக்குள் நடக்கப்போகிற பிள்ளையைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் பிள்ளைகளோடு வெளிநாடு சுற்றுவது புதுப் பழக்கம். வெளிநாடு என்பது நமக்குப் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுப் போகிற இடமாகத்தான் இருந்தது. கொழும்பில் கடை வைத்தவர்கள், ரங்கூனுக்குக் கணக்கெழுதப் போனவர்கள், பிறகு வளைகுடாவுக்குப் போனவர்கள் எல்லாரும் தனியாகப் போய்ப் பணம் அனுப்பினார்கள். குடும்பத்தோடு போய் வேர்விட்டவர்களும் உண்டு. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் சிங்கப்பூரில் ஊன்றிக்கொண்ட கதை பெரியது. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் அங்கே உமறுப்புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடமே தொடங்கியது. அவர்கள் பிள்ளைகளை அழைத்துப்போனது குடியிருக்க. நாலு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதற்காகப் பிள்ளைகளோடு விமானம் ஏறுவது நம் தலைமுறையில்தான் சாதாரணமாகியிருக்கிறது. அதனால் இதில் பாட்டி வைத்தியம் எதுவும் கிடையாது. தெரிந்தவர் சொன்னது, பயண முகவர் நீட்டிய அட்டை, இவ்வளவுதான் நம் கையில் இருக்கிற அறிவு.

அந்த அட்டையிலிருந்தே தொடங்குகிறேன். நாங்கள் முதலில் போன முகவர் கொடுத்த தாளில் நாலு நாளுக்குப் பதினோரு இடம். தினமும் காலை 7 மணிக்கு ஓட்டல் வாசலுக்குப் பேருந்து வரும். பார்க்க லாபமாகத்தான் இருந்தது. சிங்கப்பூர்க் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது என்பது வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. அங்கே காலை 7 என்றால் பிள்ளையின் உடம்புக்கு விடிகாலை நாலரை. அதற்குள் குளித்து, சாப்பிட்டு, கீழே இறங்கி நிற்க வேண்டும் என்றால் எழுப்புவது மூன்று மணிக்கு. குலதெய்வம் கோயிலுக்கு வேன் பிடிக்கும்போதுகூட நாம் அப்படி எழுப்புவதில்லை.

அந்த இரண்டரை மணி நேரத்தைத் திருப்பிப் போட்டால் அதுவே வசதி. ராத்திரி 10 மணிக்கும் பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது, ஊர்க் கணக்கில் அப்போது ஏழரைதான். காலை ஒன்பதுக்குத்தான் கண் விழிப்பார்கள். அதனால் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் நாளைத் தாமதமாகத் தொடங்கித் தாமதமாக முடிப்பதே பிள்ளைகளுக்கு இயல்பு. சிங்கப்பூரில் கடற்கரையோரம் 2012-இல் திறந்த பூந்தோட்டத்தில் இரும்பு மரங்களுக்குக் கீழே நடக்கும் ஒளிக்காட்சி 7.45-க்கும் 8.45-க்கும். கட்டணம் கிடையாது. மல்லாக்கப் படுத்துக்கொண்டு பார்க்கலாம். துபாயில் கணக்கு நேர்மாறு. அது நமக்கு ஒன்றரை மணி நேரம் பிந்தியது. ஊரில் ஆறு மணிக்கு எழுகிற பிள்ளை அங்கே நாலரைக்கே எழுந்து உட்கார்ந்துகொள்ளும், சாயங்காலம் ஏழரைக்கெல்லாம் தோளில் சாய்ந்துவிடும். அங்கே காலைப் பொழுதைத்தான் நம்ப வேண்டும். ஊரை முடிவு செய்யும்போது டிக்கெட் விலைக்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. விலை ஒருநாள்தான் உறுத்தும்.

எந்த ஊர் என்பதில் என் எண்ணம் ஒருபக்கமாகச் சாய்ந்ததுதான். முதல் பயணத்துக்குச் சிங்கப்பூர். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், ரயில் நிலையங்களில் மின்தூக்கி உண்டு, ஆட்சிமொழி நான்கில் ஒன்று தமிழ், சிராங்கூன் சாலையில் தயிர்சாதம் கிடைக்கும். மூன்று வயதுப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு இந்த நாலும் பெரிய விஷயம். கோலாலம்பூர் இரண்டாவது. தங்கும் செலவு நன்றாகக் குறையும், சமையலறையோடு கூடிய அடுக்ககங்கள் வாடகைக்குக் கிடைக்கும், பத்துமலை இருக்கிறது. அந்த 272 படியைப் பிள்ளைகள் ஓடி ஏறிவிடுவார்கள், நாம்தான் பாதியில் நிற்போம். குரங்குகள் நம் பாபநாசத்துக் குரங்குகளுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி, கையில் பை இருந்தால் பறிக்கும். தைப்பூசத்தன்று மட்டும் சின்னப் பிள்ளைகளோடு அங்கே போகக் கூடாது, லட்சக்கணக்கில் கூட்டம்.

துபாய் எனக்குத் தயக்கம். ஊர் சரியில்லை என்பதால் இல்லை, நம் பள்ளிக்கூட லீவு சரியில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை நமக்குக் கோடை விடுமுறை. அந்நேரம் துபாய் வெயில் 40 டிகிரியைத் தாண்டி நிற்கும். பிள்ளைகளைக் குளிர்சாதன அங்காடிக்குள்ளேயே வைத்துச் சுற்ற வேண்டிவரும். அரையாண்டு லீவில் போனால் அங்கே அருமையான குளிர், ஆனால் லீவே ஒன்பது பத்து நாள்தான், விமானக் கட்டணமும் வருஷத்திலேயே உச்சம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர் என்பதால் வெயில் எல்லா மாதமும் ஒன்றுபோல்தான். மழைதான் கூடும் குறையும், டிசம்பரில் அதிகம். என்னைக் கேட்டால் காலாண்டு லீவு. அம்பையில் வெக்கை தீராத நேரம், சிராங்கூன் சாலையிலோ தீபாவளிக்குப் பல வாரம் முன்பே விளக்கலங்காரம் ஏற்றிவிடுவார்கள். ஒரே குறை, சில வருஷங்களில் அந்த மாதங்களில் இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகை அங்கே வந்து கவியும். மூச்சிரைப்பு இருக்கிற பிள்ளை என்றால் இதை யோசிக்க வேண்டும்.

இனி காகிதம். நம் ஊர்க்காரர்களுக்கு உண்மையான சிக்கல் இங்கேதான், அதுவும் பெயரில். இனிஷியலோடு வாழ்கிற நாம் பாஸ்போர்ட்டுக்காக அதை விரித்து எழுத வேண்டும். அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் என் அப்பா பெயர், மனைவிக்கு அவள் அப்பா பெயர், பிள்ளைகளுக்கு என் பெயர். ஐந்து பேருக்கு மூன்று குடும்பப் பெயர். சிங்கப்பூர் அதிகாரிகள் தமிழ்ப் பெயர்களைப் பார்த்துச் சலித்தவர்கள், ஒன்றும் கேட்கவில்லை. எல்லா ஊரிலும் அப்படி இருக்காது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் வர முடியாது என்று அறிவித்து, பிறகு இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் கொடுத்தது. அந்த ஒரு வாரத்தில் எத்தனை தமிழ்க் குடும்பம் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்திருக்கும்! ஆகவே பிள்ளைக்கு முதல்முதலாக விண்ணப்பிக்கும்போதே குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். பிறப்புச் சான்றிதழின் நகலையும் பயணத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறப்புச் சான்றிதழிலேயே பிள்ளையின் பெயர் இல்லாத வீடுகளும் நிறைய. பிரசவம் முடிந்த கையோடு பதிவாகும்போது பெயர் வைத்திருக்க மாட்டோம், பெண் குழந்தை அல்லது ஆண் குழந்தை என்று மட்டும் இருக்கும். ஒரு வருஷத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை, அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரை சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் செல்லும், ஆதாரோ பள்ளிக்கூடத் தாளோ உதவாது. சின்னப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான். பெரியவர்களுடையது பத்து வருஷம் என்கிற நினைப்பில் இருந்துவிட்டு, டிக்கெட் போட்ட பிறகு மகளுடையது முடியப்போகிறது என்று கண்டுபிடித்தவன் நான். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது மீதி இருக்க வேண்டும். திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு நாலு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கொண்டுபோனால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த படமும் கையில் இருக்க வேண்டும். மகனை அந்தப் படத்துக்கு அசையாமல் உட்காரவைக்க ஸ்டூடியோக்காரர் அரை மணி நேரம் கிலுகிலுப்பை ஆட்டினார்.

சிங்கப்பூருக்கு விசா வேண்டும், அனுமதி பெற்ற முகவர் வழியாக. போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், கைக்குழந்தைக்கும் தனியாக ஒன்று. அதற்குக் கட்டணம் கிடையாது, காசு கேட்கிற தளம் போலி. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு கொடுத்திருக்கிறது, அதை 2026 கடைசி வரை நீட்டியிருக்கிறது. அப்பா வளைகுடாவில் இருக்க அம்மா மட்டும் பிள்ளைகளோடு கிளம்புகிற வீடுகளில், அப்பாவின் சம்மதக் கடிதம் ஒன்றை வைத்துக்கொள்வது தைரியம்.

பெட்டிக்குள் என்ன வைக்கக் கூடாது என்பதை யாரும் சொல்வதில்லை. கசகசா! சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் அது இருந்தாலும் வில்லங்கம்தான். தாத்தாவின் மெல்லும் புகையிலைக்கும் சிங்கப்பூரில் தடை. சூயிங்கம்மும் கூடாது, 1992 முதல். கல்யாண வீட்டுக்குப் போவதுபோல நகை போட்டுக்கொண்டு கிளம்புவதும் வேண்டாம். திரும்பி வரும்போது சுங்கத்தில் 'இது இங்கிருந்து கொண்டுபோனதுதான்' என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும், இடுப்பில் தூங்குகிற பிள்ளையோடு. போகும்போதே சுங்கத்தில் சான்று வாங்கலாம் என்றாலும், நகையைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போவதே நிம்மதி.

அம்பையிலிருந்து விமானம் ஏறுவதே ஒரு பயணம். பக்கத்தில் இருக்கிற தூத்துக்குடி வாகைக்குளத்திலிருந்து உள்நாட்டு விமானம் மட்டும். சிங்கப்பூருக்கு நேரடியாக என்றால் திருவனந்தபுரம், மதுரை, திருச்சி. நாங்கள் திருவனந்தபுரம் எடுத்தோம். தூரம் குறைவு என்று தென்காசி, புளியரை, ஆரியங்காவு வழியாகப் போனோம். மகளுக்கு வயிறு நிறைய இட்லி கொடுத்துக் கிளப்பியது என் மனைவி. மலைப்பாதை வளைவு ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. தென்மலை வருவதற்குள் இரண்டு தடவை காரை நிறுத்தினோம், பெட்டியின் அடியிலிருந்து மாற்று உடுப்பு எடுக்கப் பெட்டியையே ரோட்டோரத்தில் பிரித்தோம். விமானத்தில் அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. களக்காடு, வள்ளியூர், நாகர்கோவில் சுற்றிப் போனால் நேரம் கூடும், வளைவு குறையும். பிள்ளைகள் இருந்தால் அதுதான் வழி. ஒரு ஜோடி உடுப்பும் பிளாஸ்டிக் பையும் மடியில் இருக்கட்டும்.

மலிவு விமானங்களில் சோறு, பெரிய பெட்டி, பக்கத்துப் பக்கத்து இருக்கை எல்லாவற்றுக்கும் தனிக் காசு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை மடியில் உட்காரும், கட்டணம் கொஞ்சம்தான். ஆனால் ஊர் சுற்றுகிற நாளுக்குள் இரண்டு வயது நிறைந்துவிட்டால் திரும்பும் பயணத்துக்கு இருக்கை எடுக்க வேண்டும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது காது அடைத்து அழுவார்கள். எதையாவது சப்பக் கொடுத்தால் சரியாகும். எங்களுக்குக் கடலைமிட்டாய் உதவியது. எங்கள் விமானம் இரவில் கிளம்பி விடியலில் இறங்கியது. ஓட்டல் அறையோ மதியம் மூன்று மணிக்குத்தான். ஆறு மணியிலிருந்து மூன்று மணி வரை, தூங்காத ஐந்து பேர். ஒரு நாள் கூலி என்று நினைத்து முந்தின இரவுக்கும் அறை எடுத்திருக்க வேண்டும்.

தங்குவதற்குச் சொந்தக்காரர் வீடு இருந்தால் பாக்கியம். இல்லாவிட்டால் ஓட்டல்தான். சிங்கப்பூரில் தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைந்து வாடகைக்கு விடுவது சட்டத்துக்கு விரோதம், மலிவாக வீடு தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். அறைகள் சின்னவை, இரண்டு பெரியவரும் ஒரு பிள்ளையும்தான் கணக்கு. நாங்கள் அம்மாவோடு ஐந்து பேர் என்பதால் இரண்டு அறை. ஐந்து இரவுக்கு எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் போயிற்று. முழுப் பயணத்தையும் முகவரிடம் கட்டினால் வரிப்பிடித்தம் என்று ஒரு பங்கை மேற்கொண்டு வாங்குவார்கள். அது வருமானவரிக் கணக்கில் திரும்ப வரும், ரசீதைத் தொலைக்கக் கூடாது.

ஊருக்குள் நாளொன்றுக்கு ஒரே ஓர் இடம். இதில் நான் பிடிவாதக்காரன். பதினோரு இடத்தில் ஆறை வெட்டினோம், ஒன்றும் குறையவில்லை. மகன் இன்றுவரை பேசுவது டிக்கெட் இல்லாத ஒரு காட்சியைப் பற்றி. 2003-இல் ஓடத் தொடங்கிய வடகிழக்கு ரயில் தடத்தில் ஓட்டுநர் கிடையாது. லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறி முதல் பெட்டிக்குப் போனால் முன்பக்கக் கண்ணாடியே நமக்கு. சுரங்கம் வளைந்து வளைந்து விரிய, தூரத்து நிலையத்தின் வெளிச்சம் பொட்டாகத் தெரிந்து பெரிதாக, மூன்றரை வயதுக்காரன் இரண்டு கையையும் கண்ணாடியில் ஊன்றி ரயிலை ஓட்டினான். ஒரு முனைக்குப் போய் மறுமுனைக்குத் திரும்பினோம். மனைவிக்கு ஒரு மதியம் வீண் என்று வருத்தம். 0.9 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு அங்கே ரயில் கட்டணமே இல்லை. என் மகன் ஒரு விரற்கடை கூடுதல்.

1859-இல் தொடங்கி 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய தாவரத் தோட்டத்தை அங்கத்துத் தமிழர் பூமலை என்கிறார்கள். அதற்குள் பிள்ளைகளுக்கென்று ஒரு தோட்டம். பெரியவர்கள் பிள்ளையோடு வந்தால்தான் உள்ளே விடுவார்கள், உலகத்தில் அப்படி ஒரு வாசலை நான் பார்த்ததில்லை. கடற்கரையோரப் பூந்தோட்டத்திலும் பிள்ளைகள் நனைந்து ஆட ஓர் இடம் உண்டு. ஜுவலில் ஏமாந்த மகள் அங்கே இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. துண்டு கொண்டுபோகாததால் என் வேட்டிதான் துண்டானது. விலங்குத் தோட்டம் மண்டாயில், 1973-இலிருந்து. கட்டணம் கூடுதல், ஆனால் ஒரு முழு நாளுக்குத் தாங்கும். களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் வாசலில் குடியிருக்கிற பிள்ளைகள் தங்கள் முதல் புலியைக் கடல் தாண்டிப் போய்ப் பார்த்தார்கள் என்பதை மட்டும் வனத்துறை நண்பர்களிடம் நான் சொல்லவில்லை.

தள்ளுவண்டி ஒன்று வேண்டும். இடுப்பில் பிள்ளையைத் தூக்கிப் பழகிய நமக்கு அது கௌரவக் குறைச்சலாகத் தோன்றும். மூன்றாம் நாள் முதுகு சொல்லிக்கொடுக்கும். பயணக் காப்பீடு கட்டாயம், அங்கே ஆஸ்பத்திரிச் செலவு நம் கணக்கில் அடங்காது. காய்ச்சல் மருந்தைச் சீட்டோடு எடுத்துப்போங்கள்.

பெரியவர்களை அழைத்துப்போவதா என்று கேட்கிறார்கள். அழைத்துப்போங்கள். பிள்ளைக்கும் பெரியவருக்கும் மதியத் தூக்கம் ஒன்று, நடக்கிற தூரம் ஒன்று, சாப்பாட்டு நேரம் ஒன்று. மதியம் அம்மாவும் பேரனும் அறையில் தூங்க, நானும் மனைவியும் மகளும் முஸ்தபா சென்டருக்குப் போய்வந்தோம். அம்மாவுக்குச் சிங்கப்பூரில் பிடித்தது 1827-இல் எழுந்த மாரியம்மன் கோயில். பிடிக்காதது, சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் வெளிச்சம் போகாமல் நிற்பது. விளக்கேற்றுகிற நேரம் தெரியவில்லையாம்.

அடுத்தது எந்த ஊர் என்ற பேச்சு இப்போது நடக்கிறது. மகளுக்குக் கோலாலம்பூர். எனக்குக் கொழும்பு, அம்மாவின் அப்பா அங்கே கடை வைத்திருந்தவர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் 2011 ஜூனில் மறுபடி ஓடி, நவம்பருக்குள் நின்றது. அது ஓடினால் அம்பைப் பிள்ளைகளுக்கு அதைவிடச் சுலபமான வெளிநாடு கிடையாது. இப்போதைக்கு மதுரையிலிருந்து விமானம், ஒரு மணி நேரம். காலிமுகத் திடலில் பட்டம் விடலாம், 2022-இல் திறந்த தாமரைக் கோபுரம் இருக்கிறது, தெஹிவளையில் விலங்குக் காட்சிச்சாலை இருக்கிறது. சிங்கப்பூர் அளவுக்குச் செலவாகாது. நான் இதையெல்லாம் அடுக்கிக்கொண்டிருக்க, அம்மா முறத்திலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்: "கொழும்புன்னா நானும் வாரேன். அங்க மணி மாத்த வேண்டாம்லா."